நாற்பது விநாடி, ஒன்றுமில்லை

உண்மையான பனி
ஒலிவாங்கியில் பனிபோல் கேட்காது.
ஈரத்துணி மாதிரி நசுங்கும், அவ்வளவுதான்.
அதனால் வின்னிபெக்கில்,
நாற்பத்தேழாம் வருஷத்து ஜனவரியில்,
வெளியே பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இருக்க,
ஓலெனா ப்ரிஸ்தூபா
ஒரு தோல்பையில் சோளமாவை அடைத்து
இரு கைகளாலும் பிசைந்து பிசைந்து
ஒரு மனிதனை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழன் இரவு பத்தரை மணி.
சோப்புக் கம்பெனிகள் வேண்டாமென்று விட்ட நேரம்.
கேட்பாரில்லாத இடம் என்பதால்
என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள்.
ஒரு வாரம் முழு நாடகமும் பழுதான லிஃப்டுக்குள்.
ஒரு வாரம் கோதுமைக் கிடங்கு தன் கதையைச் சொல்லிற்று.
ஒரு வாரம் எல்லோரும் பேசாமல் சாப்பிட்டார்கள்;
யார் யாரை வெறுக்கிறார்கள் என்று
கரண்டிச் சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது.
தொடருக்கு நான் வைத்துக்கொண்ட தமிழ்ப்பெயர்
'காதளவு'.

என் மேசைக்கு வந்தவை பதினாறு தட்டுகள்.
மேலே பூசணம்போல் வெள்ளை.
பூசணமில்லை, அரக்கில் கலந்த விளக்கெண்ணெய்
எழுபத்தைந்து வருஷமாய்க் கசிந்தது.
சின்ன வயதில் என்னைத் துரத்தித் துரத்தி
வாயில் ஊற்றிய அதே எண்ணெய்.
ஆவணக்காப்பகத்தின் நிலவறையில்
மூக்கைப் பிடித்துக்கொண்டு துடைக்கிறேன்.

பதினோராம் நாடகம்.
மாட்டுக்கொட்டிலிலிருந்து வீட்டுக்கு எழுபது தப்படி.
பனிப்புயல். பிடித்துவந்த கயிறு அறுந்துபோகிறது.
பிறகு வசனமே இல்லை, நடை மட்டும்.
நடை தளர்கிறது.
நடை நிற்கிறது.
பிரதியில் இயக்குநர் மெல்ட்ரமின் பென்சில்:
'நாற்பது விநாடி. ஒன்றுமில்லை.'

ஆனால் நிலையத்துக்கு ஒரு சட்டம் இருந்தது.
பதினைந்து விநாடி சத்தமில்லையென்றால்
அடுத்த அறைப் பியானோ ஒலிக்க வேண்டும்,
வானொலி செத்துவிட்டதென்று ஊர் நினைக்கக்கூடாதே.
அதற்கென்றே சம்பளம் வாங்கிக் காத்திருந்தவர்
ஃபின்போகி தோர்லாக்ஸன்.
இன்றிரவு வேண்டாம் என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.
தலையாட்டியிருக்கிறார்.

பத்து. பதினைந்து.
யாரோ எச்சில் விழுங்குகிறார்கள்.
பத்தொன்பது.
பியானோ.

ஏதோ ஒரு வால்ட்ஸ், தடுமாறி,
விரல் மன்னிப்புக் கேட்பதுபோல்.
அன்றைய நிலையக் குறிப்பேட்டில் ஒரே சொல்: 'பிழை'.

கடிதங்கள் வேறு சொல்கின்றன.
அவன் வீடு சேர்ந்துவிட்டான், மனைவி வாசிக்கிறாள்,
நான் அழுதேன் என்று பிராண்டனிலிருந்து ஒருத்தி.
அது சொர்க்கம், ஆள் போய்விட்டான் என்று ஒரு பாதிரி.
டாஃபினிலிருந்து ஒரு விவசாயி மட்டும்:
கொட்டில் வைத்திருக்கிறவன் வீட்டில் ஏது பியானோ?
வழிதவறி வேறு யார் வீட்டுக்குப் போனான்,
அடுத்த வாரமாவது சொல்வீர்களா?

சொல்லவில்லை. அடுத்த வாரம் ஐஸ் ஹாக்கி.

இன்று என் கணினி அந்த இடத்தில் நின்று கேட்டது:
'நிசப்தம் கண்டறியப்பட்டது. நீக்கவா?'
இதற்கும் அதே சட்டம்தான் போல.
வேண்டாம் என்று அழுத்திவிட்டு
ஒலியைக் கூட்டினேன், இரைச்சல் மழையாய்ப் பெய்ய.
அப்போதுதான் கேட்டது,
வால்ட்ஸுக்கு அடியில்,
மாவு.

பிரதியில் இல்லாத நடை.
மெல்ட்ரம் கண்ணாடிக்கு அப்பால் கையை வீசியிருப்பார்,
நிறுத்து, நிறுத்து என்று.
அவள் பிசைகிறாள்.
வால்ட்ஸுக்கு ஒத்துப்போகாத தாளத்தில்
ஒரு கால், இன்னொரு கால்,
நடுவில் ஒருமுறை சறுக்கல்கூட.
பதினான்கு எண்ணினேன்.
கதவுச் சத்தம் இல்லை.
தட்டு அதோடு முடிகிறது.

படிவத்தில் 'குறைபாடுகள்' என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.
கடைசிப் பேருந்துக்கு ஓடினேன்.
பூட்ஸுக்கடியில் புதுப் பனி.
சரியாகவே நடிக்கவில்லை.